இரண்டாம் இணைய இணைப்பும் அதற்கேற்ற வாயும்

நானாட்டான் பகுதியில் வயல் செய்வோருக்குக் கட்டுக்கரைக்குளத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அருவியாற்று நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கால்வாய் வழியே குளத்தை அடைகின்றது. குளத்திலிருந்து துருசுகள் பலவற்றின் வழியாக வாய்க்கால்களிற் பாய்ந்து வயலை நனைக்கின்றது. ஆற்றில் வரவு குன்றிக் குளம் வற்றிய ஆண்டில், ஒரு துருசு போதாது, இன்னொன்றைத் திறவுங்கள் என்று கேட்கும் கமக்காரர் எவருமிலர். இரண்டும் ஒரே குளத்துத் துருசுகள் என்பதை அவர் அறிவர். இவ்வளவு எளிய உண்மையை இணைய இணைப்பு விடயத்தில் மட்டும் நம்மிற் பலர் மறந்துவிடுகின்றனர்.

யூபிலி ஆண்டின் நினைவாக ஊர்ப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் இரண்டாவது இணைய இணைப்பு ஒன்றை ஏற்படுத்திக் கொடுக்கலாமெனப் பழைய மாணவர் சிலர் எண்ணுவதாக அறிகின்றேன். நல்ல எண்ணமே. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இன்று இணையவழியே செல்கின்றது. முடிவுத் திகதிக்கு முதல்நாள் மாலை இணைப்பு அறுந்து கிடந்தால், நானாட்டான் மாணவன் முருங்கனுக்கோ மன்னாருக்கோ பஸ் ஏறி அலைய வேண்டும். அவன் அலைவதற்கு முன் கடையும் பூட்டிவிடும். ஓராண்டுப் படிப்பு ஒரு மாலைப்பொழுதில் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் பணஞ் சேர்க்குமுன் இரண்டு வினாக்களைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். இரண்டாவது இணைப்பு எவ்வழியாக வருகின்றது என்பது முதல் வினா. வந்த இணைப்பை றவுட்டரின் எந்த வாயிற் செருகுவது என்பது இரண்டாவது. இவற்றுள் இரண்டாவது வினாவே நம்மவரை அதிகம் இடர்ப்படுத்துவது. எனினும் முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதைத் தீர்க்க இயலாது.

வழியைப் பற்றி நாடு கற்ற பாடம் ஒன்றுண்டு. 2004 ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்திற்று. நாட்டின் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் இணையமும் பெரிதும் தடைப்பட்டன. அந்நாளில் ஒருவர் எந்த நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தினார் என்பதாற் பெரும் பயன் விளையவில்லை. பின்னர் 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்குமிடையே ‘பாரத் லங்கா’ என்னும் கேபிள் இடப்பட்டது. அதற்குப் பின் வந்த ‘சீ-மீ-வீ 5’ கேபிள் கொழும்புப் பக்கத்தை விட்டு மாத்தறையிற் கரையேறியமை கவனிக்கத்தக்கது. ஒரு நங்கூரம் இரண்டு கரைகளை ஒருசேரத் தொடாது.

மன்னார்த் தீவாருக்கு இதைக் கேபிளைக் காட்டிச் சொல்லவேண்டியதில்லை. பாலத்தைக் காட்டினாற் போதும். 1990இற் பழைய பாலம் தகர்ந்ததிலிருந்து 2010இற் புதுப்பாலம் திறக்கும்வரை அவர் பட்ட இடரை யாவரும் அறிவர். நானாட்டான் பெருநிலப்பரப்பில் இருப்பதால் அப்பாலத்தைக் கடக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆயினும் ஒரே வீதியோரத்துத் தூண்களில் இரு நிறுவனங்களின் கம்பிகளும் அடுத்தடுத்துத் தொங்குமாயின், சரிந்து விழும் ஒரு மரமோ, வீதி திருத்தவந்த ஒரு பெக்கோ இயந்திரமோ இரண்டையும் ஒரே நொடியில் அறுத்துவிடும். மாதக் கட்டணம் இரண்டு, இணைப்பு ஒன்றே.

எனவே முதலிணைப்பு கம்பிவழி வருமானால் இரண்டாவது காற்றுவழி வருவது நன்று. 4ஜி என வழங்கும் கைத்தொலைபேசி வலையமைப்பு இங்கு எளிதிற் கிடைப்பது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோபுரத்திலிருந்து நம் வீடுவரையே அது காற்று. கோபுரத்துக்கு அப்பால் அதுவும் ஏதோ ஒரு கேபிளிலோ நுண்ணலைத் தொடுப்பிலோ தங்கியுள்ளது. கோபுரத்துக்கு வரும் கேபிளும் நம் முதலிணைப்பின் கேபிளும் ஒன்றோ என்று கேட்டறிதல் தகும். கேட்டால் மறுமொழி கிடைக்காதென்று சோர்தல் வேண்டா. கடைமுகத்தில் இருப்பவருக்குத் தெரியாவிடினும் கம்பி இழுக்க வருபவருக்குப் பெரும்பாலும் தெரியும். 2025இல் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்ற செய்மதி இணைப்பு இவ்வகையில் தூயது. வீதியையும் ஊர்க் கோபுரத்தையும் அது தொடுவதில்லை. பழைய செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றமையால் ஒரு வினா சென்று விடை மீள அரைவிநாடியளவு கழிந்தது. இவை 550 கிலோமீற்றர் அளவிற் சுற்றுவதால் அக்குறை பெரிதும் நீங்கிற்று. விலைதான் பாடசாலைக்கு எட்டுமா என்பதை நன்கொடையாளர் ஆராய்க.

இனி வாய்க்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்துக்கு, வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் பெரிய றவுட்டர் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தனர். அங்கே ஓர் அலுவலகம் கழித்த பொருள், விலையுயர்ந்த ஆக்கம், பாரமோ இருவர் தூக்கவேண்டிய பாரம். பின்புறத்தில் இரண்டு அட்டைகள் செருகப்பட்டிருந்தன. அவற்றில் இருந்தவை வி.35 வகைச் சீரியல் வாய்கள். வாடகைக் கம்பிகள் கோலோச்சிய காலத்தில் அவையே அரசர். விநாடிக்கு 64 கிலோபிற் ஓர் அலகு; அத்தகைய 32 அலகு சேர்ந்தால் 2,048 கிலோபிற்; அவ்வளவைப் பெற்ற நிறுவனம் செல்வந்த நிறுவனம். அவ்வாயை நம் ஊரில் இன்று எந்த இணைப்பிற் செருகுவது? அனுப்பியோரின் அன்புக்குக் குறைவில்லை, வாய்தான் பொருந்தவில்லை.

ஆதலின் றவுட்டரையோ அட்டையையோ வாங்குமுன், இணைப்பைத் தருவோர் அதனை எந்த உருவிற் கையளிப்பர் என்று கேட்கவேண்டும். செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்புக்கு அதற்குரிய மோடம் வேண்டும். அதன் வேகம் தொலைபேசி நிலையத்திலிருந்து உள்ள தூரத்துக்கேற்பத் தேயும். விநாடிக்கு 24 மெகாபிற் என்பது நிலையத்தின் வாசலில் குடியிருப்போருக்கே. ஒளியிழை, அதாவது பைபர் இணைப்பாயின், நிறுவனத்தார் சுவரிற் பொருத்தும் சிறு பெட்டியில் ஒளி மின்குறியாக மாறி, எட்டுக் கம்பிகொண்ட ஈதர்நெற் வயராக வெளிவரும். 4ஜி றவுட்டரும் ஈதர்நெற் வயரையே தரும். செய்மதிப் பெட்டியும் பெரும்பாலும் அப்படியே. ஏ.டி.எஸ்.எல். மோடத்தின் பின்புறமும் ஈதர்நெற்றே. எவ்வழி வந்தாலும் முடிவில் நம் கைக்கு வருவது ஒரே வகை வயர் என்றால், தேவைப்படுவதும் ஒன்றே: றவுட்டரில் மற்றொரு ஈதர்நெற் வாய்.

இவ்வளவு எளிதாயின் கட்டுரை எதற்கு எனலாம். அந்த ‘மற்றொரு ஈதர்நெற் வாய்’ என்பதில் இருவகை உண்டு. கண்ணுக்கு அவை இரட்டைப் பிள்ளைகள்.

ஒன்று, தனிவழி வாய். அது தனக்கென ஒரு முகவரியும் தனக்கென ஒரு வலையமைப்பும் உடையது. அதன் வழியே வந்த பொதியை றவுட்டர் ஆராய்ந்து, எங்கே செல்லவேண்டுமெனத் தீர்மானித்தே மறுபுறம் விடும். மற்றையது, சுவிற்ச் வாய். அத்தகைய நான்கு வாய்கள் ஒரு மண்டபத்தின் நான்கு கதவுகள் போன்றன. எக்கதவால் நுழைந்தாலும் ஒரே மண்டபம். இடையில் ஆராய்வோர் இலர். வீட்டு றவுட்டர்களில் முதல்வகை வாயின் மேல் ‘வான்’ என்றும் இரண்டாம்வகை வாய்களின் மேல் ‘லான்’ என்றும் எழுதியிருக்கும். வானுக்கும் விண்ணுக்கும் தொடர்பில்லை. ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் அது. இரண்டாவது இணைப்புக்கு வேண்டியது முதல்வகை வாய்.

மேற்சொன்ன நிலையத்தார் இவ்வேற்றுமையை அறியாது, சீரியல் அட்டையைக் கழற்றிவிட்டு நான்கு வாயுள்ள அட்டையொன்றை வாங்கிப் பொருத்தினர். ஒரு வாயுள்ள அட்டையிலும் அது மலிவு. நான்கு வாய் ஒன்றினும் மேலன்றோ என்பது அவர்தம் கணக்கு. இரண்டாவது இணைப்பின் வயரை அதிற் செருகிய மறுநாள் குழப்பம் தொடங்கிற்று. முகவரி வழங்கும் பணியைப் பழைய றவுட்டரும் செய்தது, புதிய நிறுவனத்தின் பெட்டியும் செய்தது. கணினிகளிற் பாதி ஒருவரிடமும் பாதி மற்றவரிடமும் முகவரி பெற்றன. ஒரு பக்கத்தார்க்கு அச்சுப்பொறி தெரியவில்லை. மறுபக்கத்தார்க்குக் கோப்புகள் தெரியவில்லை. முதலிணைப்பு அறுந்தபோது அதிலிருந்தோர் அறுந்தபடியே இருந்தனர். இரண்டு குடும்பம் ஒரே வீட்டிற் குடியேறியது போலாயிற்று.

சுவிற்ச் வாயை அறவே பயன்படுத்த முடியாதெனச் சொல்வதற்கில்லை. றவுட்டரின் மென்பொருள் இடங்கொடுத்தால், நான்கு கதவில் ஒன்றை மட்டும் தனி அறையாக மறைத்துவிடலாம். வீலான் என்பது இம்மறைப்பின் பெயர். அவ்வறைக்கு ஒரு முகவரியிட்டுத் தனிவழி வாய் போல நடத்தலாம். பழைய இயந்திரங்கள் சிலவற்றில், பெயரும் கடவுச்சொல்லுமிட்டு நுழையும் பி.பி.பி.ஓ.ஈ. வகை இணைப்பு இத்தகைய மறைப்பறையில் இயங்காது. ஆதலின் அட்டையின் பெயரைக் கேட்டு வாங்காது, அந்த றவுட்டரில் அந்த அட்டை இன்ன இணைப்பை ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்தே வாங்குக.

அட்டையே வாங்காமற் செய்யும் வழியும் உண்டு. றவுட்டரில் ஒரேயொரு நல்ல வாய் இருந்து, அதனோடு வீலான் அறிந்த சுவிற்ச் ஒன்றும் இருக்குமாயின், இரண்டு இணைப்புகளையும் சுவிற்சில் வெவ்வேறு அறைகளாகச் செருகி, ஒரே வயரில் முத்திரையிட்டு றவுட்டருக்கு அனுப்பலாம். ஒரே பஸ்ஸிற் பயணம் செய்தாலும் ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு ஊர்ச் சீட்டு இருப்பதை ஒக்கும் இது. செலவு குறைவு, நானும் பல இடங்களில் இதையே விரும்புவேன். குறை என்னவெனில், அந்தச் சுவிற்ச் பழுதானால் இரண்டு இணைப்பும் ஒருங்கே வீழும்.

வாயின் வேகத்தைக் கண்டு மயங்குதலும் கூடாது. கைமாறி விற்கப்படும் பழைய இயந்திரங்களுள் சிஸ்கோ 1841 பலரும் அறிந்தது. அதில் இரண்டு தனிவழி வாய்கள் இயல்பாகவே உண்டு. விநாடிக்கு 100 மெகாபிற் என்று அவை கூறும். ஆனால் உள்ளிருக்கும் மூளை விநாடிக்கு 75,000 பொதிகளையே கையாளும். 64 பைற் கொண்ட மிகச் சிறு பொதிகளாக அளந்தால் அது ஏறத்தாழ 38 மெகாபிற். பொதி பெரிதானால் அளவு கூடும், முகவரி மாற்றலும் காவலும் சேர்ந்தாற் குறையும். அதற்கும் முந்திய 1700 வரிசைக்கென வந்த ஒருவாய் ஈதர்நெற் அட்டையோ 10 மெகாபிற்றோடு நின்றுவிடும். இற்றைநாட் பைபர் இணைப்பை அதிற் செருகுவது பெருவாய்க்கால் நீரைப் பூவாளியில் ஊற்றுவதற்கொப்பாகும். பழைய றவுட்டருக்கு அரிதாகத் தேடி அட்டை வாங்கும் பணத்தில், இரண்டு வெளிவாய் உள்ள புதிய சிறு றவுட்டரே கிடைக்கும் நாள் இது. மைக்ரோடிக், டிபி-லிங்க் முதலியோர் இத்தகையவற்றை ஆக்குகின்றனர். எந்த வாயையும் உள்வாயாகவோ வெளிவாயாகவோ நாமே வகுத்துக்கொள்ளும் வசதியும் அவற்றுட் பலவற்றில் உண்டு.

4ஜி இணைப்பை யூ.எஸ்.பி. துண்டாக றவுட்டரின் முதுகிற் செருகலாம் என்பர். நான் அதனை உடன்படேன். றவுட்டர் இருக்கும் இடம் பெரும்பாலும் அதிபரின் அறை அலுமாரி. சுவர் சீமெந்து, கூரை தகரம். அலை அங்கே நுழைவது அரிது. தனி 4ஜி றவுட்டரைக் கோபுரம் நோக்கிய யன்னலிலோ, புற அன்ரனாவுடன் கூரைக்கு வெளியிலோ வைத்து, ஈதர்நெற் வயரால் உள்ளே கொண்டுவருக. அவ்வயர் 100 மீற்றர் வரை செல்லும். அலை உள்ள இடத்தில் அலையைப் பிடித்து, றவுட்டர் உள்ள இடத்தில் வாயைத் தருவது ஈதர்நெற்றின் சிறப்பு.

ஆயின் கூரைமேலிருந்து இறங்கும் செப்புவயர் இடியையும் இறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இப்பகுதியில் இடிமழை எத்தகையதென நாமறிவோம். மின்னல் வீட்டில் விழவேண்டுமென்பதில்லை. அயலில் விழுந்தாலே நீண்ட செப்புக்கம்பியில் எழும் மின்னழுத்தம் வாயைச் சுட்டுவிடும். றவுட்டரில் மற்றெல்லாம் நலமாயிருக்க ஒரு வாய் மட்டும் இறந்திருப்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒளியிழை கண்ணாடியாதலின் மின்னைக் கடத்தாது. வெளியிலிருந்து வரும் செப்புவயருக்கும் றவுட்டருக்குமிடையே, ஈதர்நெற்றை ஒளியாக மாற்றும் சிறு பெட்டி இரண்டை வைத்து, நடுவில் ஒரு மீற்றர் ஒளியிழையை இட்டுவிட்டால், வயர்வழி வரும் இடி அங்கே நின்றுவிடும். மின்வழங்கல் வழியே வருவதற்கு வேறு காப்பு வேண்டும். ஒளியிழை செருகும் எஸ்.எவ்.பி. வாய் றவுட்டரிலேயே இருந்தால் ஒரு பெட்டி மிச்சம்.

இனி, பலரும் ஏமாறும் இடம். முதலிணைப்பு அறுந்தால் றவுட்டர் தானாகவே இரண்டாவதுக்கு மாறும் என்று விற்பவர் சொல்வார். அறுந்ததை றவுட்டர் எவ்வாறு அறியும்? பழைய சீரியல் வாயில் இருமுனைகளும் இடைவிடாது ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தன. மறுமுனை மௌனமானால் வாய் தானே விழுந்துவிடும். ஈதர்நெற் வாயோ தன் எதிரே சுவரில் இருக்கும் பெட்டியை மட்டுமே காணும். பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும். ஒளியிழை முருங்கனில் அறுந்தாலும் எரியும். றவுட்டர் அவ்விளக்கை நம்பி எல்லாப் பொதிகளையும் அறுந்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது இணைப்பு பக்கத்திற் சும்மா கிடக்கும்.

இதனைத் தவிர்க்க, பத்து விநாடிக்கொருமுறை வெளியேயுள்ள ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்குமாறு றவுட்டரைப் பணிக்கவேண்டும். மூன்றுமுறை விடை வராவிடின் வழியை மாற்றுக என்பது கட்டளை. கூப்பிடும் முகவரி நிறுவனத்தின் முதற் பெட்டியாயிருத்தல் கூடாது. அதற்கும் அப்பாலுள்ள, உலகறிந்த ஒன்றாயிருத்தல் வேண்டும். மேலும், முதலிணைப்பைச் சோதிக்கும் கூப்பாடு முதலிணைப்பு வழியாக மட்டுமே செல்லுமாறு கட்டிவைக்கவேண்டும். இல்லாவிடின், வழி மாறியபின் கூப்பாடு இரண்டாம் வழியாற் சென்று விடைபெற்று, முதலிணைப்பு உயிர்பெற்றதென்று றவுட்டர் பிழையாக எண்ணித் திரும்பும். மறுகணம் மீண்டும் விழும். இந்த ஊஞ்சலாட்டத்தை நான் கண்டிருக்கின்றேன். இத்தகைய கட்டளையை ஏற்காத றவுட்டர் எத்தனை வாய் உடையதாயினும் நமது நோக்கத்துக்கு உதவாது.

இரண்டு இணைப்பையும் ஒருங்கே பயன்படுத்தினால் வேகம் இரட்டிக்குமா என்று கேட்பர். பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்தும்போது மொத்தத்தில் ஓரளவு கூடும். ஒருவர் ஒரு கோப்பை இறக்கும்போது கூடாது. ஒருவருடைய பொதிகள் பாதி ஒரு வழியாலும் பாதி மறுவழியாலும் செல்லின், வங்கியின் கணினி இருவேறு முகவரிகளைக் கண்டு ஐயுற்று அவரை வெளியேற்றிவிடும். பாடசாலைக்கு ஒன்று பணியில் இருக்க மற்றையது காத்திருப்பதே போதும்.

மின்சாரத்தை மறத்தலாகாது. மன்னார்த் தீவிலே தம்பபவனிக் காற்றாலைகள் 30 சுழல்கின்றன. ஆயினும் நம் வீட்டு மின் நிற்கும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாமேயன்றிப் பயனில்லை. றவுட்டருக்கு மட்டும் மின்கலம் வைத்துச் சுவர்ப் பெட்டியை மறந்தவர் பலர். பைபர் பெட்டி, 4ஜி றவுட்டர், இடையிலுள்ள சுவிற்ச், ஒளிமாற்றிகள் யாவும் ஒரே மின்கலத்தில் தங்கவேண்டும். பெரும்பாலானவை 12 வோல்ற்றில் இயங்குவன. ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருப்பதைப் பார்த்தே இணைக்குக.

எல்லாம் பொருத்தியபின் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்க. பொருத்தியவர் றவுட்டரிலிருந்து முதலிணைப்பின் வயரைப் பிடுங்கிக் காட்டி, மாறுகின்றது பாருங்கள் என்பார். அது போதாது; அப்போது விளக்கே அணைந்துவிடுவதால் எந்த றவுட்டரும் மாறும். சுவர்ப் பெட்டிக்கு வெளியிலிருந்து வரும் இழையை அவர் கையாலேயே கழற்றச் செய்து, பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தாது, கடிகாரத்தைப் பாருங்கள். அரை நிமிடத்துள் கணினியில் பக்கம் திறக்கவேண்டும். பின் இழையைச் செருகி, அமைதியாகத் திரும்புகின்றதா என்றும் காணுங்கள். எந்த வாயில் எந்த இணைப்பு, எந்த நிறுவனம், எந்த இலக்கத்துக்கு முறையிடவேண்டும் என்பனவற்றைத் தமிழில் ஒரு கடதாசியில் எழுதி றவுட்டரின் மூடியில் ஒட்டிவிடுங்கள். பொருத்தியவர் அடுத்த ஆண்டு ஊரில் இருப்பாரென்பதற்கில்லை. அறுபடும் நாளில் அலுமாரியைத் திறக்கப்போகின்றவர் ஓர் இளம் ஆசிரியையாகவோ, விண்ணப்பத்துடன் நிற்கும் மாணவனாகவோ இருக்கக்கூடும்.